பெங்களூரா மாங்காயும் திறந்த சந்தையும்

கிருஷ்ணகிரி பக்கம் மாந்தோப்பு வைத்திருக்கும் குடும்பத்து இளைஞர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "2025 பருவத்தில் பெங்களூரா மாங்காய் கிலோ 4, 5 ரூபாய்க்குப் போனது. பறிகூலியும் வண்டி வாடகையும் கொடுத்தால் கையில் ஒன்றும் மிஞ்சாது என்று எங்கள் பக்கம் பலர் காயை மரத்திலேயே விட்டுவிட்டார்கள். மாங்கூழ் ஆலைக்காரர் சொன்னதுதான் விலை. இதற்குப் பெயர்தான் சுதந்திரச் சந்தையா? முதலாளித்துவம் என்பது முதலாளி பிழைப்பதற்கான ஏற்பாடுதானே? அரசு ஒரு விலையை நிர்ணயித்துவிட்டால் என்ன குறைந்துவிடும்? ஆதார விலை கேட்டு நடக்கும் ஆர்ப்பாட்டத்துக்கு நான் போகலாமா, கூடாதா?"

நான்கு கேள்விகள், ஒன்றுக்குள் ஒன்று கிடக்கின்றன. தர்மபுரியில் மண்டிக்காரர்களுக்கும் வெல்ல வியாபாரிகளுக்கும் கணக்கு எழுதியே தலை நரைத்தவன் நான். அதனால் பொருளாதாரப் பாடமாகச் சொல்வதைவிட, பேரேட்டில் கண்டதைச் சொல்வது எனக்குச் சுலபம்.

முதலில் மாங்காய். பெங்களூரா என்று நாம் சொல்லும் தோத்தாபுரி, பழமாக நறுக்கிச் சாப்பிட அதிகம் பேர் தேடி வாங்கும் ரகம் அல்ல. பெரும்பகுதி கூழுக்குத்தான் போகிறது. அப்படியானால் வாங்குபவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய ஆலைகள். காயோ பறித்தபின் காத்திருக்காது. விற்பவன் அவசரத்தில் இருக்க, வாங்குபவர்கள் சிலராகவும் இருந்தால் விலை அவர்கள் பக்கம் சாயும். இதில் மாயம் ஒன்றும் இல்லை. அந்த ஆண்டு விளைச்சல் மிதமிஞ்சி வந்தது, ஆலைகளில் முந்தைய ஆண்டுக் கூழே விற்காமல் கிடந்தது. விலை விழுந்தே தீரும் நிலை.

ஆனால் நம் தோட்டக்காரருக்கு இன்னொரு வாசல் எப்போதும் உண்டு. மலை தாண்டினால் ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டம், அங்கே கூழ் ஆலைகள் நிறைய. இங்கே விலை பிடிக்காவிட்டால் லாரியை அங்கே திருப்பலாம். 2025 ஜூனில் அந்த வாசல் அடைக்கப்பட்டது. வெளிமாநிலத் தோத்தாபுரி மாவட்டத்துக்குள் நுழையக்கூடாது என்று சித்தூர் நிர்வாகம் உத்தரவிட்டது. கர்நாடக முதலமைச்சர் ஆந்திர முதலமைச்சருக்குக் கடிதம் எழுதும் அளவுக்கு அது வளர்ந்தது.

ஏன் அடைத்தார்கள்? ஆந்திர அரசு தன் விவசாயிக்குக் கிலோவுக்கு 12 ரூபாய் என்று அறிவித்திருந்தது. ஆலை 8 ரூபாய் தர வேண்டும், அரசு 4 ரூபாய் சேர்த்துத் தரும். பக்கத்தில் 4 ரூபாய்க்கு விற்கும் காய் அங்கே 12 ரூபாய் ஆனால், தண்ணீர் பள்ளத்துக்கு ஓடுவதைப் போலக் காய் அங்கே ஓடும். எனவே விலையை அறிவித்த அரசு எல்லையையும் காவல் காக்க வேண்டி வந்தது. பிறகு கர்நாடகம் மத்திய அரசிடம் முறையிட்டு, கிலோவுக்கு 16 ரூபாய்ச் சொச்சத்தை அடிப்படையாக வைத்து இரண்டரை லட்சம் டன் வரை இழப்பை ஈடுகட்டும் ஏற்பாட்டை வாங்கியது. ஒரு மாநிலம் விலையைப் பிடித்து நிறுத்த, அடுத்த மாநிலம் அழ, அதற்கு இன்னொரு திட்டம் வர, இடையில் மாட்டிக்கொண்டவர் இரண்டு பக்கமும் எல்லை வைத்திருக்கும் நம் கிருஷ்ணகிரிக்காரர். இதைச் சுதந்திரச் சந்தையின் கணக்கில் எழுதினால் என் பேரேடு ஒப்புக்கொள்ளாது.

எல்லை திறந்திருந்தால் கிலோ 10 ரூபாய் ஆகியிருக்கும் என்று நான் சொல்லவில்லை. காய் அதிகம், கேட்பு குறைவு. குறைந்த விலைதான் கிடைத்திருக்கும். ஆனால் உள்ளூர் ஆலைக்காரரிடம் "வேண்டாமா? சரி, சித்தூருக்கு ஏற்றிவிடுகிறேன்" என்று சொல்லும் வாய் இருந்திருக்கும். பேரம் என்பதே அந்த ஒரு வாக்கியத்தில்தான் நிற்கிறது. விற்க மறுத்து எழுந்து போகும் உரிமையும், போவதற்கு ஓர் இடமும் இருக்கிறதா என்பதைத்தான் எந்தச் சந்தையிலும் நான் முதலில் பார்ப்பேன். விலை என்ன என்பதை அப்புறம்தான் பார்ப்பேன்.

விழுந்த விலைக்கும் ஒரு வேலை உண்டு. சில ஆண்டுகள் நல்ல விலை கிடைத்ததைப் பார்த்து ஆளாளுக்குப் பெங்களூரா வைத்தார்கள். இந்த ரகம் போதும் என்று சந்தை இப்போது சொல்கிறது. ஆண்டுதோறும் 12 ரூபாய் நிச்சயம் என்று அரசு சொல்லிவிட்டால் அந்தச் செய்தி யார் காதிலும் விழாது. இன்னும் பத்தாயிரம் கன்று நடுவார்கள், ஐந்து வருடம் கழித்து அதையும் அரசே வாங்க வேண்டும்.

இதில் இடைத்தரகர் என்று எல்லோரும் திட்டும் ஒரு மனிதரைப் பற்றி. பூவிலேயே தோட்டத்தைக் குத்தகைக்கு எடுப்பவர் இருக்கிறாரே, அவர். தை, மாசியில் மரம் பூத்ததும் வந்து பார்த்து, ஒரு தொகை பேசி முன்பணம் கொடுத்துவிடுவார். அதன்பின் மருந்து, காவல், பறிகூலி, ஆலங்கட்டி மழை, விலை வீழ்ச்சி எல்லாம் அவர் தலையில். நல்ல ஆண்டில் அவர் அள்ளுகிறார் என்று ஊர் பொருமும். விலை விழுந்த ஆண்டில் பூவிலேயே விட்டவர்கள் வாங்கிய முன்பணத்தோடு வீட்டில் இருந்தார்கள். பலகையில் விலையைப் பார்த்துத் தலையில் கைவைத்தவர் குத்தகைக்காரர். மீதிப் பணத்துக்கு அவர் இழுத்தடித்த கதைகளும் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. அதற்குத்தான் எழுத்தில் ஒப்பந்தமும், விரைவாகத் தீர்ப்புச் சொல்லும் நீதிமன்றமும் வேண்டும் என்கிறேன். மற்றபடி அவர் விலை கொடுத்து வாங்கிக்கொள்வது உங்கள் அச்சத்தை. அதற்கும் கூலி உண்டு.

அடுத்த கேள்வி: முதலாளித்துவம் முதலாளிக்குச் சாதகமான ஏற்பாடுதானே? நம் ஊரில் இந்தத் தவறான எண்ணம் போல வேர்பிடித்தது வேறில்லை. திறந்த சந்தையை மனதார விரும்பும் முதலாளியை நான் அபூர்வமாகவே பார்த்திருக்கிறேன். தன் சரக்கு விற்கும் இடத்தில் போட்டி கூடாது, தான் வாங்கும் இடத்தில் மட்டும் போட்டி வேண்டும் என்பதே அவர்களுடைய இயல்பான வேண்டுதல். ஆடம் ஸ்மித்தைச் சந்தையின் தந்தை என்கிறோம். ஒரே தொழில் செய்பவர்கள் கேளிக்கைக்காகக் கூடினாலும் பேச்சு கடைசியில் மக்களுக்கு எதிரான சதியில்தான் முடியும் என்று 1776-லேயே எழுதியவர் அவர். வியாபாரியை நம்பி அவர் சந்தையை ஆதரிக்கவில்லை. இன்னொரு வியாபாரி எதிர்க்கடை போடுவான் என்று நம்பித்தான் ஆதரித்தார்.

எதிர்க்கடை போடக்கூடாது என்று சட்டமே இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஓசூர் நல்ல சாட்சி. 1991-க்கு முன் ஒரு தொழிற்சாலை என்ன செய்யலாம், எத்தனை செய்யலாம் என்பதை டெல்லி முடிவு செய்தது. அனுமதித்ததைவிட அதிகம் உற்பத்தி செய்தால் குற்றம். ஒரு ஸ்கூட்டருக்குப் பணம் கட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்த தலைமுறை இன்னும் உயிரோடு இருக்கிறது. உங்கள் தாத்தாவைக் கேளுங்கள். அந்த நாளில் உரிமம் கையில் வைத்திருந்த முதலாளிக்கு என்ன கவலை? வாங்குபவன் வரிசையில் நிற்கிறான். இன்று உங்கள் மாவட்டத்துக்குள்ளேயே ஓசூரில் டி.வி.எஸ்., ஏத்தர், போச்சம்பள்ளியில் ஓலா என்று மூன்று நிறுவனங்கள் மின் ஸ்கூட்டர் செய்து ஒருவர் வாடிக்கையாளரை ஒருவர் பறிக்கப் பார்க்கிறார்கள். முதலாளிக்குச் சுகமானது பழைய ஏற்பாடா, இதுவா?

கைக்கடிகாரக் கதையும் அங்கேதான் இருக்கிறது. அரசு நிறுவனமான எச்.எம்.டி. ஒரு காலத்தில் இந்தியாவின் மணிக்கட்டையே ஆண்டது. 1984-இல் தொடங்கப்பட்ட டைட்டன் ஓசூரில் ஆலை போட்டது. எச்.எம்.டி. கடிகாரப் பிரிவை 2016-இல் மூட முடிவு செய்தார்கள். இங்கே ஒருவர் குறுக்கிட்டு, டைட்டனில் தமிழக அரசின் தொழில் வளர்ச்சிக் கழகமான டிட்கோவும் பங்குதாரர்தானே, ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டையே அரசு போட்டதுதானே என்பார். உண்மைதான். அரசு நிலம் கொடுத்தது, சாலை போட்டது, பங்கும் வைத்தது. ஆனால் எச்.எம்.டி. கடிகாரம்தான் வாங்கவேண்டும் என்று யார் கையையும் பிடிக்க முடியாமல் போன நாளிலிருந்து வாங்குபவர்தான் தீர்ப்பு எழுதினார். பெங்களூரு 40 கிலோமீட்டரில் இருப்பது சிப்காட் அதிகாரிகளின் சாதனை அல்ல என்பதையும் ஓரமாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

மின் ஸ்கூட்டருக்கு மத்திய அரசு கொடுத்த மானியத்தை நான் ஆதரிக்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். அந்த மானியத்தின் உச்சவரம்பு 2023 ஜூனில் வண்டி விலையில் 40 சதவீதத்திலிருந்து 15 சதவீதமாகக் குறைக்கப்பட்டதும் விலைகள் ஏறின. பஸ்ஸில் போகிறவர் கட்டிய வரியிலிருந்து ஸ்கூட்டர் வாங்குகிறவருக்குப் பணம் போய்க்கொண்டிருந்தது. அது கம்பெனிக்கு உதவி. சந்தைக்கு அல்ல.

அரசு விலை நிர்ணயித்தால் என்ன குறையும் என்று கேட்டீர்கள். அதற்கு மாங்காயைவிடக் கரும்பு தெளிவான பதில் தரும். அரை நூற்றாண்டுக்கும் மேலாக அரசே விலை போட்டுவரும் பயிர் அது. 1966-ஆம் ஆண்டின் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணை இன்னும் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி ஒவ்வொரு சர்க்கரை ஆலைக்கும் ஒரு பரப்பை ஒதுக்க முடியும். அந்தப் பரப்பில் பதிவு செய்த கரும்பு அந்த ஆலைக்குத்தான். ஓர் ஆலையிலிருந்து 15 கிலோமீட்டருக்குள் புதிய ஆலை வரக்கூடாது. விலையை மத்திய அரசு அறிவிக்கும்: 2025-26 பருவத்துக்கு, 10.25 சதவீதச் சர்க்கரைக் கட்டுமானம் (நூறு கிலோ கரும்பில் கிடைக்கும் சர்க்கரை) இருந்தால் குவிண்டாலுக்கு 355 ரூபாய். காகிதத்தில் அழகாக இருக்கிறது.

வயலில் எப்படி இருக்கிறது? கரும்பு முற்றிவிட்டது. ஆனால் ஆலையிலிருந்து வெட்டு உத்தரவு வரவேண்டும். அது வரவில்லை. அரவை மந்தம் என்பார்கள், இயந்திரம் பழுது என்பார்கள், உங்கள் முறை அடுத்த மாதம் என்பார்கள். பூத்த கரும்பு நின்றபடியே காய்கிறது. ஏக்கருக்கு இத்தனை டன் என்று போட்ட கணக்கு நாளுக்கு நாள் இளைக்கிறது. கடைசியில் வெட்டி ஏற்றினால் பணம் எப்போது? 14 நாளில் தரவேண்டும், தவறினால் 15 சதவீத வட்டி என்று அதே ஆணை சொல்கிறது. அந்த வட்டியை வரவில் எழுதச் சொல்லி என்னிடம் ஒரு விவசாயியும் வந்ததில்லை.

பக்கத்து வயலில் பதிவே செய்யாமல் கரும்பு போட்டவர் இருக்கிறார். கடத்தூர், பாலக்கோடு பக்கம் வெல்லம் காய்ச்சுகிறவர்கள் வந்து பார்த்து, ஆள் கூட்டி வெட்டி, அன்றே எடை போட்டு எடுத்துப் போகிறார்கள். கொப்பரையில் பாகு கொதிக்கும் இடத்துக்கே போய்ப் பணம் வாங்கிவருபவர்கள் உண்டு. பொங்கல் நெருங்க வெல்லம் ஏறினால் கரும்பு விலையும் ஏறும். வெல்லம் இறங்கிய மாதத்தில் அரசு விலையைவிடக் குறைவாகவும் போகும். அந்தக் குறைவு தெரிந்தும் அவர் அடுத்த ஆண்டும் பதிவு செய்யாமல் இருக்கிறார் என்றால், அறிவிக்கப்பட்ட விலையைவிடக் கைக்கு வரும் பணம் அவருக்குப் பெரிதாகத் தெரிகிறது. இவரை யாரும் பொருளாதாரம் படிக்க அனுப்பவில்லை.

பரப்பு ஒதுக்கீட்டைப் படிப்படியாக விட்டுவிடலாம் என்று, பொருளாதார அறிஞர் சி. ரங்கராஜன் தலைமையில் மத்திய அரசு அமைத்த குழு 2012-லேயே சொல்லிவிட்டது. ஆலைகள் அரசுக்குக் குறைந்த விலையில் கட்டாயமாகக் கொடுக்க வேண்டியிருந்த லெவி சர்க்கரை மட்டும் 2013-இல் போனது. ஒதுக்கீடு அப்படியே நிற்க, 2018-இல் ஆலைக்காரர் விற்கும் சர்க்கரைக்கும் குறைந்தபட்ச விலை போட்டார்கள்; கிலோ 29 ரூபாய், அடுத்த ஆண்டு 31. கரும்புக்கு விலை போட்டதால் ஆலை தடுமாறியது, ஆலை தடுமாறியதால் சர்க்கரைக்கு விலை போட வேண்டி வந்தது. ஒரு முடிச்சை அவிழ்க்கப் போட்ட முடிச்சு.

தக்காளியைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. 2023 ஜூலையில் விலை கிலோ 100 ரூபாயைத் தாண்டியதும் சென்னை ரேஷன் கடைகளில் 60 ரூபாய்க்கு விற்றார்கள். ஆகஸ்டில் நேபாளத்திலிருந்தே தக்காளி வந்தது. ராயக்கோட்டையிலும் பாலக்கோட்டிலும் பெட்டி கேட்பாரற்றுக் கிடக்கும் மாதங்களில் அதே வேகத்தில் யாரும் நேபாளத்துக்கு ஏற்றிப் போக வந்ததாக நான் பார்க்கவில்லை. வெங்காயத்திலும் அதுவே. 2023 ஆகஸ்டில் 40 சதவீத ஏற்றுமதி வரி, டிசம்பரில் ஏற்றுமதிக்கே தடை. விலை ஏறும் நாலு மாதத்தில்தான் விவசாயி முந்தைய நட்டத்தை ஈடுகட்ட முடியும். அந்த நாலு மாதத்தில்தான் அரசுக்கு நுகர்வோர் நினைவு வருகிறது.

பதுக்கல் என்ற குற்றச்சாட்டுக்கு மட்டும் புளியை வைத்து ஒரு வார்த்தை. நம் பக்கம் புளி உலுக்குவது தை முதல் பங்குனி, சித்திரை வரை. சாம்பார் ஆண்டு முழுவதும் வைக்கிறோம். நடுவில் யாரோ ஒருவர் பணம் முடக்கி வாங்கி, கொட்டை நீக்கி, குளிர்பதனக் கிடங்கில் வாடகை கொடுத்து வைத்தால்தான் ஐப்பசியில் புளி நிறம் மாறாமல் கடைக்கு வரும். அவர் வைக்காவிட்டால் மாசியில் புளி மண்ணாகவும் ஐப்பசியில் பொன்னாகவும் விற்கும். பங்குனியில் அவர் வாங்குவதால்தான் விவசாயிக்குக் கொஞ்சம் கூடுதல் கிடைக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். 1955-இன் அத்தியாவசியப் பொருள் சட்டம் கையில் இருக்கும்வரை, எந்தச் சரக்குக்கு எப்போது இருப்பு வரம்பு வரும் என்று தெரியாமல் யார் பெரிய கிடங்கு கட்டுவார்?

தொழிலாளியைச் சந்தை சுரண்டாதா என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனால் அடுத்து அதுதான் வரும். தோட்டக்காரர்கள் கூடும் இடத்தில் காதைக் கொடுங்கள்: "கூலிக்கு ஆள் கிடைப்பதில்லை, வருகிறவர்களும் கேட்கிற கூலி கொடுக்க முடியவில்லை." அந்தப் புலம்பலின் மறுபக்கம்தான் தொழிலாளியின் உயர்வு. ஓசூர் கம்பெனி பஸ் விடியற்காலையில் கிராமத்துக்குள் வந்து பெண்களை ஏற்றிக்கொண்டு போகிறது. பெங்களூரு கட்டட வேலைக்குப் போனவன் திரும்பி வர மறுக்கிறான். போவதற்கு இடம் வந்தவுடன் கூலி ஏறியது. முன்பணம் கொடுத்து ஆளைக் குவாரியிலும் சூளையிலும் கட்டிப்போடுவது சந்தைக்கு நேர் எதிரானது. 1976-இன் கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்தைப் போல நான் மனதார ஆதரிக்கும் தலையீடு வேறு இல்லை. எழுந்து போகும் உரிமையை மீட்டுத் தரும் சட்டம் அது.

அரசே வேண்டாம் என்பவன் அல்ல நான். தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் கிணற்று நீரில் ஃப்ளோரைடு. குழந்தைகளின் பல்லில் அது தெரியும். 2013-இல் திறக்கப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் ஜப்பானியக் கடனில் அரசு செய்தது, அரசு செய்ய வேண்டியது. மண்டியில் தராசைச் சோதிப்பது, சாலை போடுவது, ஒப்பந்தத்தை மீறியவனை நீதிமன்றத்தில் நிறுத்துவது எல்லாம் அதன் வேலை. 1999-இல் வந்த உழவர் சந்தையைக்கூட நான் குறை சொல்லமாட்டேன். தினமும் காலையில் அதிகாரி விலை எழுதும் பலகை எனக்குப் பிடிக்காவிட்டாலும், மண்டிக்கு அருகில் இன்னொரு வாசலை அது திறந்தது, எதையும் மூடவில்லை. அரசு தானே ஒரு கடையை மட்டும் வைத்து மற்ற எல்லாக் கடையையும் மூடினால் எப்படி இருக்கும் என்று அறிய வேண்டுமானால், 2003 முதல் சில்லறை மது விற்பனை எப்படி நடக்கிறது என்று பாருங்கள். அங்கே போய்ப் பேரம் பேசிப் பாருங்கள்.

மது என்றதும் ராஜாஜி நினைவுக்கு வருகிறார். ஓசூருக்குப் பக்கத்தில் தொரப்பள்ளியில் 1878-இல் பிறந்தவர். அந்த வீடு இன்று நினைவில்லம். 1952-இல் சென்னை மாநில முதலமைச்சரானதும் இரண்டே மாதத்தில் உணவு ரேஷன் கட்டுப்பாட்டை எடுத்தார். அரிசி பறந்துவிடும், பஞ்சம் வரும் என்று எச்சரித்தவர்கள் ஏராளம். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. அடுத்தடுத்த ஆண்டுகளின் நல்ல விளைச்சல் கைகொடுத்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். மத்திய உணவு அமைச்சராக இருந்த ரஃபி அகமது கித்வாய் நாடு முழுக்க அதே வழியில் போனார். பெர்மிட், லைசென்ஸ், கோட்டா ராஜ்யம் என்று பெயர் சூட்டி அதை எதிர்க்க 1959-இல் சுதந்திராக் கட்சியையே தொடங்கினார் ராஜாஜி. அதே மனிதர்தான் 1937-இல் அன்றைய சேலம் மாவட்டத்தில், அதாவது நம் மண்ணையும் சேர்த்து, மாகாணத்திலேயே முதலாவதாக மதுவிலக்கைக் கொண்டுவந்தார். யாரும் முழுக் கொள்கைக்காரர் இல்லை. ராஜாஜியை மேற்கோள் காட்டுகிறவர்கள் இந்த இரண்டாவது பாதியை விட்டுவிடுவார்கள்.

கடைசியாக ஆர்ப்பாட்டம். போங்கள். விலை விழுந்த ஓர் ஆண்டில் குடும்பம் கடனில் மூழ்காமலிருக்க ஒருமுறை இழப்பீடு கேட்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. பணமாக, நேராகக் கணக்கில் வந்தால் அது அடுத்த ஆண்டு எந்த ரகம் நடுவது என்ற முடிவில் கைவைக்காது. நிரந்தர ஆதார விலை என்ற வரியை மட்டும் அடித்துவிடச் சொல்லுங்கள். அதற்குப் பதிலாக, வெளிமாநில எல்லையில் மாங்காய் லாரியை நிறுத்தக்கூடாது என்று எழுதுங்கள். இந்திய நிலப்பரப்பெங்கும் வணிகம் தடையின்றி நடக்கவேண்டும் என்கிறது அரசமைப்பின் 301-ஆம் பிரிவு. விதிவிலக்குகளும் அதே பகுதியில் இருக்கின்றன, வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டிவிட்டு எழுதுங்கள். புதிய கூழ் ஆலைக்கும் குளிர்பதனக் கிடங்குக்கும் எத்தனை துறையில் எத்தனை கையெழுத்து வேண்டும் என்ற பட்டியலையும் இணைத்துக் கேளுங்கள். பிரிவு எண்ணை மறக்காமல் போடுங்கள். எண் போட்ட மனுவைத்தான் அலுவலகங்களில் இரண்டாவது தடவை படிப்பார்கள்.